நாய்க்கடி, எலிமூத்திரம், ஆட்டுப்பால்: பினாங்கு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் பல்கலைக்கழகம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் விலங்குகளால் வரும் நோய்களைப் பற்றிக் கேட்டால் பெயர்கள் மளமளவென்று வந்து விழும். ரேபிஸ், கோவிட், நிப்பா, பறவைக் காய்ச்சல். "சரி, நாளைக்கு விடுதி வாசலில் ஒரு நாய் கடித்தால் முதல் கால் மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மஞ்சள் என்பார், இன்னொருவர் காப்பித்தூள் என்பார், பலர் கிளினிக் என்பார்கள். சோப்பு என்று சொல்பவர்கள் குறைவு. நோயின் பெயர் தெரிகிறது, அது வரும் வழியும் வந்தால் செய்ய வேண்டியதும் தெரிவதில்லை. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

விலங்கால் வரும் நோய் என்றால் எதெல்லாம் அதில் சேரும்?

முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் இடையே இயற்கையாகத் தொற்றும் நோய்கள் எல்லாம் சேரும். கிருமி வைரசாக இருக்கலாம், பாக்டீரியாவாக இருக்கலாம், பூஞ்சையாகவோ புழுவாகவோகூட இருக்கலாம். மனிதருக்கு வரும் தொற்றுநோய்க் கிருமிகளில் சுமார் 60 விழுக்காடு விலங்குகளோடு தொடர்புள்ளவை. புதிதாகத் தலையெடுக்கும் நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது முக்கால் பங்கு.

கடித்தால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடி ஒரு வழி மட்டும்தான். கீறல், எச்சில், சிறுநீர் கலந்த தண்ணீர், காய்ச்சாத பால், வேகாத இறைச்சி, காய்ந்த எச்சத்தின் தூசி, நடுவில் ஒரு கொசு என்று வழிகள் நிறைய.

அப்படியானால் டெங்கியும் இதில் சேருமா? கொசுவும் ஒரு உயிர்தானே?

சேராது. அநேகமாக எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். டெங்கியில் கொசு சுமந்து வருவது ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து எடுத்த வைரசை. ஊருக்குள் நடக்கும் பரவலில் மனிதர், கொசு, மனிதர் என்றுதான் சுற்று. கொசுவுக்கு முதுகெலும்பு இல்லை. அது வண்டி மட்டும்தான்.

ஆனால் கேட்டவரை முழுக்கத் தவறென்றும் சொல்ல முடியாது. காட்டுக்குள் குரங்குகளிடையே சுற்றும் டெங்கி வைரஸ் ஒன்று உண்டு. அதை மலேசியக் காடுகளில் ஆராய்ந்துதான் உலகம் தெரிந்துகொண்டது. நம் அடுக்குமாடிகளைச் சுற்றிப் புகை அடிக்க வைக்கும் டெங்கி அதுவல்ல.

மாணவர்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு தெரியும்?

மாணவர்களின் விழிப்புணர்வைப் பற்றிய ஆய்வுகளில் பொதுவாக மூன்றை அளப்பார்கள்: என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள். கால்நடை மருத்துவமும் மருத்துவமும் படிப்பவர்கள் முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். அதில் வியப்பில்லை, பாடத்திலேயே இருக்கிறது. மூன்றாவதில்தான் வண்டி நிற்கும். தெரிந்தது செய்கையாக மாறுவதில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். "ரேபிஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை" என்று வினாத்தாள் கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் போடுவார்கள். அதை வைத்து விழிப்புணர்வு உயர்ந்திருக்கிறது என்று அறிக்கை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாய் நக்கிய இடத்தில் ஏற்கெனவே ஒரு சிராய்ப்பு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போன மாணவர், போன வாரம் ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் சொன்னாரா என்று கேட்க வேண்டும்.

நாய் கடித்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கைபேசியில் மணி பார்த்துக் கழுவுங்கள். நாமாக ஒரு கணக்கு வைத்தால் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். ரேபிஸ் வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஊசி கிடைக்கும்வரை உங்களைக் காக்கும் முதல் மருந்து விடுதிக் குளியலறையில்தான் இருக்கிறது.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கழுவி முடித்ததும் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் தடவிக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி தேவையா, தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்புப் புரதமும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். டெட்டனஸ் ஊசியும் பார்ப்பார்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டி சொன்ன கதையை நம்பி இன்னும் சிலர் பயந்து ஒளிகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில், சில வாரங்களுக்குள் நான்கைந்து தவணையோடு முடியும்.

இதில் அவசரம் ஏன் என்றால், ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காது. கடித்ததற்கும் அறிகுறிக்கும் நடுவில் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். சிலருக்கு ஒரு வாரம்தான், சிலருக்கு ஓராண்டுக்கு மேல். "ஒரு மாதம் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், அவரை இன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

பினாங்கில் ரேபிஸ் இருக்கிறதா? அது இந்தியாவில்தானே?

2015-இல் பெர்லிசில் தொடங்கி, கெடா, பினாங்கு என்று நாய்களிடையே ரேபிஸ் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மலேசியா ரேபிஸ் இல்லாத நாடு என்று பெயர் வாங்கியிருந்தது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவு செய்ததும், விலங்கு நல அமைப்புகள் எதிர்த்து நின்றதும் பெரிய சண்டையாக நாளிதழ்களை நிறைத்தன. இப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் அப்போது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். நினைவில்லாமல் போனால் குறை சொல்ல முடியாது.

தீபகற்பத்தில் அந்தப் பரவல் அடக்கப்பட்டது. தாய்லாந்து எல்லையோர மாநிலங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு தடுப்பு வளையம் வைத்திருப்பது பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை. சரவாக்கில் கதை வேறு. 2017-இல் அங்கே மனிதர்களுக்கே வந்தது. பல உயிர்கள் போயின. உங்கள் வகுப்பில் கூச்சிங்கிலிருந்தோ செரியானிலிருந்தோ வந்து படிக்கும் நண்பர் இருந்தால், விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது தெருநாய்க்குப் பிஸ்கட் நீட்டும் பழக்கத்தைப் பினாங்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் ரேபிசால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் 99 விழுக்காடு நாயால் வருவது. தீபாவளி விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடித்தது தெரிந்த வீட்டு நாய். அப்போதும் போக வேண்டுமா?

போக வேண்டும். நாய் நலமாக இருந்தால் அதை 10 நாள் கவனிப்பது நடைமுறை. ரேபிஸ் இருக்கும் நாய் எச்சிலில் வைரசை வெளியிடத் தொடங்கிவிட்டால் அந்த 10 நாளுக்குள் நோய் முற்றிவிடும் அல்லது இறந்துவிடும். 10 நாள் கழித்தும் நாய் வாலாட்டிக்கொண்டு சோறு தின்றால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ஆனால் நாயைக் கவனிப்பது வேறு, நீங்கள் காத்திருப்பது வேறு. ஊசியைத் தொடங்கிவிட்டு, நாய் நலமென்று தெரிந்ததும் நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். இன்னொன்று: கடித்த நாயை அக்கம்பக்கத்தார் கோபத்தில் அடித்துக் கொன்றுவிட்டால், கவனிக்க ஒன்றும் இருக்காது.

நீர்வீழ்ச்சிக்குப் போய் வந்ததும் காய்ச்சல். கென்சிங் திக்குசா?

இருக்கலாம். வார இறுதியில் தித்தி கெராவாங், தெலுக் பாஹாங், பாலம் தாண்டிப் போனால் கெடாவில் சுங்கை செடிம் என்று மோட்டாரை முடுக்கும் மாணவர்களுக்கு, ரேபிசைவிட இந்த எலிக்காய்ச்சல்தான் கிட்டத்தில் இருக்கும் ஆபத்து. என்னைக் கேட்டால் முதலாண்டு மாணவருக்கு ஒரே ஒரு நோயைத்தான் சொல்லித்தர முடியும் என்றால் இதைத்தான் சொல்லித்தருவேன்.

லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. சிறுநீரோடு வெளியே வந்து, ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் வரலாம். நம் உடம்பில் அது நுழைவது காலில் இருக்கும் சிறு வெட்டு, கண், மூக்கு, வாய் வழியாக. எலி கடிக்க வேண்டியதில்லை, எலியைக் கண்ணால் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மழை கொட்டியபின் மலையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எல்லாம் ஆற்றுக்குத்தான் வரும். அதனால் பெருமழைக்கு மறுநாள் குளிக்கப் போவதுதான் மோசமான நேரம்.

பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். தலைவலி, கெண்டைக்காலில் தொட முடியாத வலி, சீழில்லாமல் சிவந்த கண். முதல் சில நாள் டெங்கி மாதிரியே இருக்கும். பினாங்கில் காய்ச்சல் என்றாலே எல்லாருக்கும் முதலில் தோன்றுவது டெங்கிதான். ரத்தம் எடுத்து பிளேட்லெட் பார்ப்பார்கள். லெப்டோவிலும் பிளேட்லெட் குறையலாம். நீங்கள் வாயைத் திறந்து "பத்து நாளைக்கு முன் ஆற்றில் குளித்தேன், காலில் புண் இருந்தது" என்று சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது எப்படித் தெரியும்? சொன்னால் ஆண்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்குவார். இந்த நோய்க்கு அது கேட்கும். விட்டுவிட்டால் சிலருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகும், நுரையீரலில் ரத்தம் கசியும்.

2010-இல் பகாங்கின் லூபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போன மீட்புக் குழுவினரே நோயில் விழுந்து சிலர் இறந்தார்கள். அங்கே மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிசும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு இறுதியில்தான் மலேசியாவில் லெப்டோவைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தார்கள்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலில் திறந்த புண்ணோடு இறங்காதீர்கள். ஆற்று நீரைக் குடிக்காதீர்கள். சாப்பிட்ட மிச்சத்தைப் பாறை இடுக்கில் போட்டுவிட்டு வராதீர்கள். எலிக்கு அதுதான் விருந்து.

டின் பானத்தின் மேல் எலிமூத்திரம் இருக்கும் என்கிறார்களே?

குடிக்குமுன் துடைத்தோ கழுவியோ குடியுங்கள், நல்ல பழக்கம். ஆனால் அந்த பாக்டீரியாவுக்கு ஈரம் வேண்டும். காய்ந்த தகரத்தில் நீண்ட நேரம் தாங்காது. டின்னை மூன்று முறை துடைத்துவிட்டு, விடுதிக்குப் பின்னால் வழியும் குப்பைத்தொட்டியைக் கண்டுகொள்ளாமல் போவதுதான் எனக்கு விளங்குவதில்லை.

வளாகத்துப் பூனைகள் ஆபத்தா?

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகமானாலும் வேறு எந்த வளாகமானாலும் உணவகம் இருந்தால் பூனை இருக்கும். அவற்றிடமிருந்து மாணவர்களுக்கு எளிதில் தொற்றுவது படர்தாமரை. வட்டமாகச் சிவந்து அரிக்கும். களிம்பில் தீரும், பெரிய கதையில்லை.

மலேசியாவில் தனியாகச் சொல்ல வேண்டியது ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய். இங்கே இது மனிதருக்கு வருவது பெரும்பாலும் பூனை வழியாகத்தான். மூக்கிலும் காதிலும் ஆறாத புண்ணோடு ஒரு பூனை திரிந்தால், பாவம் என்று வெறுங்கையால் தூக்காதீர்கள். அது கீறிய இடத்தில் ஒரு கட்டி வரும். சில வாரத்தில் அங்கிருந்து கை வழியே மேலேறி வரிசையாக இன்னும் கட்டிகள் வரும். சாதாரண ஆண்டிபயாட்டிக்குக்கு அசையாது, பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். அந்தப் பூனையையும் குணப்படுத்த முடியும். கையுறை போட்டு, கூண்டில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

அக்கா கர்ப்பமாக இருக்கிறார். வீட்டுப் பூனையை விரட்டச் சொல்கிறார்கள். விரட்ட வேண்டுமா?

வேண்டாம். பயம் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியது. அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் பூனை பொதுவாக முதல் முறை தொற்றியபின் ஓரிரு வாரம்தான் அதை மலத்தில் வெளியிடும். வெளியே வந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மணல் பெட்டியை தினமும் மாற்றினால் ஆபத்து மிகவும் குறையும். அந்த வேலையை மாமா செய்யட்டும். அக்கா இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டு, தோட்டவேலைக்குக் கையுறை போட்டுக்கொண்டால் போதும். வேகாத இறைச்சியும் இதற்கு ஒரு பெரிய வழி என்பதை மறந்துவிட்டு எல்லாரும் பூனை மேலேயே பாய்கிறார்கள்.

தண்ணீர்மலையில் குரங்கு கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக் கீறிவிட்டது. பயப்பட வேண்டுமா?

நாய்க்கடிக்குச் சொன்ன அதே சோப்பு, அதே 15 நிமிடம், அதே மருத்துவமனை. குரங்கும் பாலூட்டி. நீள்வால் குரங்குகளிடம் பி வைரஸ் என்று ஒன்றும் உண்டு. மனிதருக்கு வருவது மிக மிக அரிது, வந்தால் மூளையைத் தாக்கும். அதனால் கீறியது குரங்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தண்ணீர்மலைப் படிகளிலும், பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலும், கோலாலம்பூர்ப் பக்கம் போனால் பத்துமலையிலும் குரங்குகளுக்கு நாம்தான் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினோம். பழத்தட்டை மூடி எடுத்துப் போங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு.

குரங்கு மலேரியா என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் கேள்வியே படாதது. ஆனால் மலேசியாவுக்கு இதைவிடச் சொந்தமான நோய் அரிது. 2018 முதல் நம் நாட்டில் உள்நாட்டில் பரவும் மனித மலேரியா இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மலேரியா நோயாளிகள் வருகிறார்கள். காரணம் பிளாஸ்மோடியம் நோலெசி. நீள்வால் குரங்கிடமும் 'பெருக்' என்னும் பன்றிவால் குரங்கிடமும் வாழும் ஒட்டுண்ணி இது.

1965-இல் பகாங் காட்டுக்குப் போய் வந்த ஓர் அமெரிக்கருக்கு இது இருந்தது முதலில் தெரிந்தது. அதன்பின் பல ஆண்டுகள், ஏதோ எப்போதோ நடக்கும் விநோதம் என்றே விட்டிருந்தார்கள். 2004-இல் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழு சரவாக்கின் காப்பிட்டில் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது 120 பேருக்கு இதுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் இது இன்னொரு சாதுவான மலேரியா மாதிரித் தெரியும், அதனால் அதுவரை அப்படியே பெயர் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாதுவும் அல்ல. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும்.

இது குரங்கு தொட்டு வராது, காட்டுக் கொசு கடித்து வரும். சபா, சரவாக்கில்தான் அதிகம். தீபகற்பக் காடுகளிலும் உண்டு. காட்டில் கூடாரம் போடும் மலையேற்றக் குழுவினர், களப்பணிக்குப் போகும் உயிரியல் மாணவர்கள், சாயங்காலத்துக்குமேல் நீளக்கை சட்டை போட்டுக் கொசுவிரட்டி தடவிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் காட்டைச் சொல்ல வேண்டும்.

டெங்கி வந்தால் பச்சை ஆட்டுப்பால் நல்லது என்கிறார்கள். ஆஸ்துமாவுக்கும்?

இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. காய்ச்சாத பாலில் ஆபத்து உண்டு, அதற்குச் சான்று தேட வேறெங்கும் போக வேண்டாம், பினாங்கிலேயே இருக்கிறது. 2010, 2011 வாக்கில் இங்கே ஒரு பண்ணையின் பச்சை ஆட்டுப்பாலைக் குடித்து 79 பேருக்கு புருசெல்லோசிஸ் வந்தது. மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு.

இந்த நோய் மெதுவாகப் படுத்தும். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். இரவில் வியர்க்கும். முதுகும் மூட்டும் வலிக்கும். உடம்பு இளைக்கும். வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதால் காசநோயோ என்று ஒருவர் சொல்வார், வேறு என்னவோ என்று இன்னொருவர் சொல்வார். சிகிச்சைக்கு இரண்டு ஆண்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம் சாப்பிட வேண்டும். ஆட்டுக்கு இது வந்தால் பெரும்பாலும் குட்டி கலையும். அதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. "எங்கள் ஆடு கொழுகொழுவென்று இருக்கிறது" என்பது உத்தரவாதமல்ல.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிப்பதில்லை. பொங்கல் அன்று அதையே ஒரு சடங்காகச் செய்கிறோம். ஆனால் அதே பால் 'மருந்து' என்று பெயர் வாங்கியதும், காய்ச்சினால் சத்து போய்விடும் என்று பச்சையாகவே குடிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சுங்கள். போகும் சத்து சொற்பம். இந்த பாக்டீரியா கொதியில் செத்துவிடும். ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: குட்டி போடும்போதும் கலையும்போதும் வரும் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளாதீர்கள், பாலைவிட அதில் கிருமி அதிகம்.

மருத்துவ ஆய்வகப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களே, ஆய்வக ஊழியருக்குத் தொற்றும் நோய்களில் புருசெல்லா பெயர் போனது. மாதிரியை மூடியில்லாத மேசையில் திறந்து முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது என்று கேள்விப்படும்போது கோபம்தான் வருகிறது.

நிப்பா கேரளாவின் நோய்தானே?

பெயரே நம் ஊருடையது. நெகிரி செம்பிலானில் இருக்கும் சுங்கை நிப்பா கம்போங்கிலிருந்து வந்தது. 1998-இன் பிற்பகுதியில் ஈப்போ பக்கம் பன்றிப்பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. கணக்கு இடித்தது: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். அதே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. பன்றிகளை விற்றுக் கைமாற்றியதில் நோய் தெற்கே புக்கிட் பெலாண்டுக்குக்கும், இறைச்சிக்கூடம் வழியாக சிங்கப்பூருக்கும் போனது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதன்பிறகுதான் வழி தெரிந்தது. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். வைரசின் வீடு பழந்தின்னி வௌவால். பண்ணைக்கு மேலே பழமரங்கள், வௌவால் கடித்துப் போட்ட பழத்தைக் கீழே பன்றி தின்றது. 1999-க்குப் பிறகு மலேசியாவில் மனிதருக்கு நிப்பா வரவில்லை.

மாணவர்களுக்கு இந்தக் கதையை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்திலிருந்தே துப்பு, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற இடத்தில்தான் கிடந்தது. நோயாளி என்ன வேலை செய்தார், எந்த விலங்கோடு புழங்கினார் என்ற கேள்வியில்.

கோழி, புறா?

பறவைக் காய்ச்சல் 2004-இல் கிளந்தானில் கோழிகளுக்கு வந்தது. வேகவைத்த கோழியாலோ முட்டையாலோ வராது. செத்துக் கிடக்கும் பறவைகளைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். புறா எச்சம் காய்ந்து தூசியானால் நுரையீரல் தொற்று வரலாம்; விடுதி மாடத்தைத் துப்புரவு செய்யும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.

நம்மிடமிருந்து விலங்குக்கும் போகுமா?

போகும். 2020 ஏப்ரலில் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு புலிக்கு மனிதரிடமிருந்து கோவிட் தொற்றியது தெரியவந்தது. மனிதக் குரங்குகளுக்கு நம் சளியே போதும். சபாவுக்கோ சரவாக்குக்கோ ஓராங் ஊத்தான் பார்க்கப் போகும்போது இருமல் இருந்தால் தள்ளி நில்லுங்கள்.

கிளினிக்கில் என்ன சொல்ல வேண்டும்?

"காய்ச்சல், மூன்று நாள், பனடோல் சாப்பிட்டேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் ஆறு, காடு, பண்ணை, புதுப் பூனை, பச்சைப் பால், வெளியூர்ப் பயணம் எது இருந்தாலும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வரிசையில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு எல்லாவற்றையும் கேட்க நேரமிருக்காது. அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான், செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லக் கூச்சமாக இருந்தால் கைபேசியில் எழுதிக் காட்டுங்கள்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். இதெல்லாம் எனக்கு எதற்கு?

உங்கள் வீட்டில் ஆடு வளர்க்கும் பெரியப்பா இருக்கலாம், நாய் வளர்க்கும் தம்பி இருக்கலாம். சுகாதாரத் துறை ஒட்டும் அறிவிப்பு மலாயில் இருக்கும். அதைப் பாட்டிக்குப் புரியும்படி சொல்லப் போவது மருந்தியல் படிக்கும் பக்கத்து அறைக்காரர் அல்ல, நீங்கள்தான்.

விடுதிக்கு வெளியே வீடு எடுத்திருக்கிறோம். வளாகத்துப் பூனை ஒன்றைத் தத்தெடுக்கலாமா?

தாராளமாக. முதலில் கூட இருப்பவர்கள் எல்லாரிடமும் கேளுங்கள். ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், ஒருவர் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடலாம். அப்புறம் பூனையின் மூக்கையும் காதையும் பாருங்கள், புண் இருந்தால் தூக்காமல் கூண்டில் வைத்துக் கொண்டுபோங்கள். கால்நடை மருத்துவரிடம் புழுமருந்து, தடுப்பூசி, கருத்தடை மூன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, வாடகை பங்கிடுவது போல அதையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மணல் பெட்டியைச் சமையலறையில் வைக்காதீர்கள். தினமும் அதை மாற்றுவது யார் என்று பூனை வருமுன்பே முடிவு செய்துவிடுங்கள், தேர்வு வாரத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும்.